ஏழாவது அடி

சிரசு ஊர்வலத்தில்
முனிரத்தினத்தின் பம்பை
ஏழாவது அடியில் கொஞ்சம் நொண்டி
அப்புறம் பாயும்.
பேரணாம்பட்டு செட்டுக்காரர்கள்
மூன்று வருஷமாய்
செல்போனில் பிடித்துப்போய்
எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.
கேட்டால் கெங்கையம்மன் கொடுத்தது என்பான்.
சாராயம் ஊற்றிக் கேட்டால்
சித்தூர்ப் பக்கம் கற்றது.

போன சித்திரையில்
கைமாற்று கேட்கப் போனேன்.
உள்ளே அடித்துக்கொண்டிருந்தான்.
கரண்ட் போனது.
பக்கத்து வீட்டு லுங்கித் தறி நின்றது.
பம்பையும் நின்றது.

சக்கரத்தில் பல் உடைந்த தறி.
சரிசெய்ய வந்த மெக்கானிக்கை
ஐந்நூறு கொடுத்துத்
திருப்பி அனுப்பியது இவன்தானாம்.

கேட்டதற்கு மேல் இருநூறு வைத்து
வெளியே சொல்லிடாதே என்றான்.

சொல்லவில்லை.
கவிதையில் எழுதினால்
பேரணாம்பட்டு வரைக்கும் போகாது.