கோடும் வட்டமும்

அப்புத்தளைக்குக் கீழே, ஏழாம் நம்பர் மலையில்
நூறு செடிக்கு ஒன்றாய் நின்று நின்று போகிறேன்.
முதுகில் கூடை இல்லை.
அட்டை கிழிந்த ஒரு கொப்பி,
கயிற்றில் கட்டிய பென்சில்.

இரண்டு இலையை நூலால் தைத்து
உள்ளே படுத்திருக்கும்.
நகத்தால் பிரிப்பேன்.
பச்சைப் புழு நெளிந்தால் ஒரு கோடு.
புழுவின் வெறுந்தோல் ஒரு மூலையிலும்
சம்பா அரிசியாய்ச் சின்னக் கூடுகள் மறுமூலையிலும் இருந்தால்
ஒரு வட்டம்.
வட்டம் குளவிக்கு.

குளவி என்றதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள்.
போன தையில் பதினொரு பேரை
லொறியில் ஏற்றித் தியத்தலாவைக்கு அனுப்பிய
அந்தக் குளவி இல்லை இது.
கொசுவுக்கு அக்கா மாதிரி இருக்கும்.
நம்மைக் கொட்டத் தெரியாது,
புழுவின் உடம்பில் முட்டை இடத் தெரியும்,
அவ்வளவுதான் படிப்பு.

முந்தின வருஷம் தண்டு துளைக்கும் வண்டுக்கு மருந்தடித்தார்கள்.
நீலப் பீப்பாய், முதுகுப் பம்பு, மூன்று நாள் வாடை.
வண்டு தண்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டது.
வெளியே நின்ற குளவி செத்தது.
புழுவும் செத்தது, ஆனால்
ஆறாம் வாரமே திரும்பி வந்தது, பிள்ளைகுட்டிகளோடு.
குளவிக்கு வழி கண்டுபிடிக்க
எட்டு மாதம்.
அந்தப் பக்கங்களைப் புரட்டினால்
கொப்பிக்குள் மழை பெய்கிறது:
கோடு கோடு கோடு.

ஒரு ராத்திரி, கரண்ட் இல்லாதபோது,
மாதவாரியாய்ப் புள்ளி வைத்து இழுத்துப் பார்த்தேன்.
இரண்டு மலை வந்தது,
ஒன்றின் உச்சி மற்றதன் சரிவில்.
இதல்கசின்னையில் ஒற்றைத் தண்டவாளம்.
ஏறும் ரயில் தாண்டும்வரை
இறங்கும் ரயில் காத்து நிற்கும்.
அப்படி.

இந்த மாதம் நாலே கோடு.
கண்டக்டர் ஐயா சிரித்தார்,
"இன்னொரு தரம் அடிச்சா சைபர்" என்றார்.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
சைபர் என்றால் குளவி வீட்டில் அடுப்பெரியாது.
ஓடையோரம் மூன்று நிரை விட்டுவிடுங்கள் என்றேன்.
"புழு வளர்க்கவா ஒனக்குச் சம்பளம்?"
என்றாலும் விட்டார்.

கமலவேணியிடம் யாரும் சொல்லவில்லை.
அந்த மூன்றும் அவளுடைய நிரை.
சுருண்ட இலை தராசில் ஏறாது.
பதினெட்டுக் கிலோவுக்கு முழுப் பேர்.
அவளுக்கு நின்றது பதினாறரை.
அரைப் பேர்.
மடுவத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்:
"ஒன் குளவி திங்கிறத
எம் பேருலயா எழுதுற?"

நான் இழுத்த இரண்டு மலையிலும்
அவள் இல்லை.
குனிந்து பென்சிலைச் சீவினேன்,
ஏற்கெனவே கூராய் இருந்ததை.

மறுவாரம் நிரை மாறி மாறி வந்தது.
ஓடையோரம் ஆளுக்கொரு நாள்.
நான் செய்ததில்லை,
அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள்,
என்னையும் குளவியையும் ஒன்றாகத் திட்டியபடி.

நேற்று, பனி ஏறிவரும் நேரம்,
ஒரு சுருட்டிலையைக் கொப்பிமேல் எறிந்தாள் கமலவேணி.
"பாரு. கோடா, வட்டமா?"

பிரித்தேன்.
புழு இல்லை. கூடும் இல்லை.
வெள்ளை முட்டைப்பையை அணைத்துக்கொண்டு
ஒரு சிலந்தி
எல்லாக் கண்ணாலும் என்னைப் பார்த்தது.
யாரைத் தின்றதோ. இருவரையுமோ.
இதற்கு என்னிடம் குறி கிடையாது.

இலையைப் பழையபடி மூடிச்
செடியில் சொருகினேன். நிற்கவில்லை, விழுந்தது.
பக்கத்தின் ஓரத்தில்
ஒரு முக்கோணம் போட்டேன்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
"அது என்னா?"

"தெரியல."

மேலே மடுவத்தில் தகரம் தட்டினார்கள்.