சொத்து எண் 117

முதலில் போனது பவர் சப்ளை.
ஆகஸ்டில், சித்ரா கிடங்கில்
ஏசி நின்ற மதியம், கருகல் வாசனை.
சித்ரா என்பது பஹ்ரைனில் ஓர் ஊர்;
வீட்டில் இன்னும் சந்தேகம் தீரவில்லை.

அப்புறம் ராம். அப்புறம் மணல் தின்ற விசிறி.
மானிட்டரைக் கணக்கில் சேர்ப்பதா என்று
தில்தாரும் நானும் ஒரு டீ நேரம் பேசினோம்.
வேண்டாம் என்று முடிவு.
மூக்குக்கண்ணாடி மாற்றினால் ஆள் மாறுவதில்லையே.

மதர்போர்டு மாற்றிய அன்றுதான் வம்பு.
இது வேறு கணினி, உரிமம் செல்லாது
என்று திரையே சொல்லிவிட்டது.
தில்தார் போனில் சத்தியம் செய்தான்:
அதே மிஷின்தான் சார், அதே மேசை,
அதே தூசி.
மறுமுனைக் குரல் நீளமாய் ஓர் எண்ணைக் கேட்டு
நம்பிக்கொண்டது.

ஹார்ட் டிஸ்க் முனகத் தொடங்கியதும்
உள்ளிருந்த அத்தனையையும் ஓர் இரவில்
கூடு விட்டுக் கூடு பாய்ச்சினோம்.
கடைசியில் பெட்டி. ஃபோர்க்லிஃப்ட் இடித்தது.
117 ஸ்டிக்கரை நகத்தால் உரித்து
புதுப் பெட்டியில் ஒட்டினேன்.
ஒரு மூலை கிழிந்தது.

இந்த மார்ச்சில் தணிக்கைக்கு வந்தாள் ரொவேனா.
வாங்கிய ஆண்டு 2011. இன்றைய மதிப்பு ஒரு தினார்.
பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள்.
"புதிது என்று எழுதினால்
பழையது எங்கே என்பார்கள்.
பழையது என்றால் இத்தனை ரசீது எதற்கு என்பார்கள்.
எது மாறினால் வேறு? நீயே சொல்."

நான் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினேன்.
முன்பெல்லாம் முகம் கழுவிவிட்டு வரலாம்;
இப்போது ஒன்பது நொடி.
நல்வரவு, இருதயராஜ்.

"யார் இது?"

பார்த்ததில்லை.
நான் இறங்கியபோது அவர் போய் நான்கு மாதம்.
அவர் விசா ரத்தான இடத்தில் என் விசா.
கேம்ப்பில் அவர் படுத்த மேல்கட்டில்;
மெத்தையை நான் மாற்றினேன்,
பலகையைக் கேம்ப் பாஸ் மாற்றினார்.
கீபோர்டுக்கு அடியில் ஒரு சீட்டில்
பாஸ்வேர்டு இருந்தது.
ஒரு பெண்ணின் பெயர், நான்கு எண்கள்.
பதினோரு வருடமாய்க் காலை ஏழு மணிக்கு
யாரென்று தெரியாத அவள் பெயரை
என் விரல்கள் தட்டுகின்றன,
பார்க்காமலே.

"பெயரை மாற்ற இரண்டு நிமிடம்தானே" என்றாள்.
ஆமாம். இரண்டு நிமிடம்.

பேனாவை மூடினாள், திறந்தாள்.
பழையது, ஒரு தினார் என்றே எழுதினாள்.
அடுத்த வரி, சுழல் நாற்காலி.

"கொஞ்சம் எழுந்திரு" என்றாள்,
"அடியில் எண் இருக்கிறதா பார்க்கணும்."