அறையின் சத்தம்

திங்கள் வந்தவர் வெண்பலகையில் கோடு கிழித்தார்.
யார், எங்கே, எப்போது, எத்தனை.
முகத்துக்கு வெளிச்சம், சட்டைக்கு மைக்.
வெட்டிய இடம் தெரியாமலிருக்கக்
கையை எடு, காலை எடு, சுவர்க் கடிகாரத்தை எடு.

வியாழன் வந்தவள் அதை முழுதாய் அழிக்கவில்லை.
ஈரத் துணியால் ஒரு இழுவை இழுத்துவிட்டு
கறுப்பு மையெல்லாம் கலங்கிக் கிடக்க
"இப்ப என்ன தெரியுது?" என்றாள்.
"மழை" என்றான் பின்வரிசையில் ஒருவன்.
எனக்கு அழுக்குத்தான் தெரிந்தது. சொல்லவில்லை.

ஒரே ஆள், ஒரே இடம், இரண்டு படம்.
ஆறு நிமிடம் அவருக்கு, ஆறு நிமிடம் இவளுக்கு.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் சஃப்ரினாவுக்கும் எனக்கும்
சீட்டில் விழுந்தது
திருக்கடலூர் ஐஸ் தொழிற்சாலை.

விடிய மூன்றரைக்கு இருதயராசா கட்டி இழுக்கிறார்.
கொக்கியை எறிந்தால்
ஐம்பது கிலோ வெள்ளை சிமெந்தில் வழுக்கி வந்து
முழங்காலடியில் நிற்கும்,
சொல் கேட்கிற நாய் மாதிரி.
(உவமை வேண்டாம் என்றவள் வியாழக்காரி.
அது படத்துக்கு.)

முதல் படத்துக்கு அவரை உட்கார வைத்தோம்.
ஒரு நாளைக்கு எத்தனை கட்டி?
நூற்றிருபது. கரண்ட் நின்றால் நாற்பது.
கட்டி என்ன விலை?
சொன்னார்.
எத்தனை வருசமாய் இங்கே?
"இடையில ஏழு வருசம் இல்ல. அதக் கழிச்சா பதினாறு."
அந்த ஏழு?
"ஐஸைப் பற்றிக் கேளுங்க."
கேட்டோம்.

சாமான் கட்டுமுன் திங்கள்காரரின் கடைசிப் பாடம்:
எந்த அறையிலும் முப்பது விநாடி
ஒருவரும் பேசாமல் வெறும் அறையைப் பதிவு செய்,
பேச்சு கிழிந்த இடங்களில் ஒட்டுப்போட உதவும்.
"அண்ணன், அரை நிமிசம் சும்மா இருங்க."
இருந்தார்.

கொம்பிரசர் உறுமியது.
குழாயில் சொட்டு. உடைந்த ஐஸ்
தனக்குள்ளே நெட்டி முறித்தது.
முப்பது. நான் கையைத் தூக்கவேண்டும்.
தூக்கவில்லை.
சஃப்ரினா என்னைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.
நாற்பது. ஐம்பத்தைந்து.
அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்,
யாரோ அதில் எதையோ வைத்துவிட்டுப் போனதுபோல.
மூடினார்.
ஒரு நிமிடம் இருபது. பற்றரி செத்தது.

உப்புவெளியில் ஒரு அறை, ஒரு மடிக்கணினி,
சூடேறினால் அணைந்துவிடும்.
"கையை ரெண்டாவது படத்துக்கு எடுப்பம்" என்றேன்.
"ஒட்டுப்போடத்தான் கேட்டனாங்க.
அதுக்குத்தான் தந்தவர்."
"அவர் ஒண்டுமே சொல்லலையே."
"அதத்தான் சொல்றன்."
இரண்டு மணி வரை இதே.
கடைசியில் படத்தை எறிந்தோம், சத்தத்தை வைத்துக்கொண்டோம்.

இரண்டாவதில் அதனால் முகமே இல்லை.
லொறியிலிருந்து ஒழுகும் நீர்க்கோடு,
கோட்டைப் பக்கம் தார்வீதியில்
அதை நக்கிக்கொண்டிருந்த ஒரு மான்.
மானைச் சஃப்ரினா மூன்று தரம் வெட்டினாள்.
"அழகாயிருக்கு, அதான் பயம்."
மூன்று தரமும் நான் திரும்ப ஒட்டினேன்.

திரையிட்ட அன்று பிந்தித்தான் வந்தார்,
றப்பர் பூட்ஸோடு, கதவடியில் நின்றார்.
முதலாவது முடிய,
"விலை பிழை, நேற்று ஏறிட்டுது."
மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது ஓடியது.
மான் வந்தபோது கைதட்டினார்கள்.
அவர் தலையைச் சரித்து
திரையைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்தார்.
"இந்த இடத்த இன்னொருக்கா போடுங்க, தம்பி."
போட்டேன்.
இருட்டில் அந்த ஒரு நிமிடம் இருபது,
நாங்கள் கையும் முகமும் நீக்கிய அறை.

"கேக்குதா?" என்றார்.
எனக்கு ஏழு வருடமும் கேட்டது.
"கொம்பிரசர் பேரிங். அழுகுது பாருங்க.
இந்தக் கிழம தாங்காது."
வெளியே போய் முதலாளிக்கு போன் எடுத்தார்.

வியாழக்காரி குறிப்பேட்டில் எதையோ எழுதினாள்.
திங்கள்காரர் விலையைத் திருத்தச் சொன்னார்.