எட்டாயிரத்துக்கு மேல்

விபோர்க்கில் பெய்ததை மழை என்று சொல்ல முடியாது.
ஈரமான காற்று, அவ்வளவுதான்.
வாடகை வேனின் பின்கதவு சரியாகச் சாத்தவில்லை.

ஒரு ஜோடி. தேக்கு உறை. ஒரே உரிமையாளர்.
புகைபிடிக்காத வீடு.
பெட்டி ஒவ்வொன்றும் நாற்பத்தொரு கிலோ.
பதினெட்டாயிரம் க்ரோனர்.
செய்த கம்பெனியை இழுத்து மூடிப் பதினேழு வருஷம்.

எனக்கு வேண்டியது ஜோடி இல்லை.
உள்ளே இருக்கும் ரிப்பன், அதிலும் ஒன்றே ஒன்று.
விரல் நீளம்,
சிகரெட் பெட்டிக்குள் வரும் ஈயத்தாளைவிட மெல்லிசு,
இரண்டு காந்தத்துக்கு நடுவில்
கொசுவம் வைத்து நிற்கும் அலுமினியம்.
என் வீட்டில் வலதுபக்கத்தது ஏப்ரலில் போயிற்று.
மச்சினன் மகன் தூசி தட்டுகிறேன் என்று
வாயால் ஊதினான்.
ஊதியதுதான்.

உதிரிபாகம் கேட்டு ஹாம்பர்க் வரை எழுதிப் பார்த்தேன்.
ஒருவன் 'வாழ்த்துகள்' என்று மட்டும் பதில் போட்டான்.

ஆகவே ஒரு முழு ஜோடியை வாங்கி
அறுக்கப் போகிறேன்.
இதை வீபெகெ கோல்டிங்கிடம் நான் சொல்லவில்லை.

போனிலேயே அவள் சொல்லியிருந்தாள்:
"எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்குக் கதவு சாத்தியாயிற்று.
கேட்காததற்கு எதற்கு இவ்வளவு பெரிய சாமான்?"
நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம்.
காபி ஊற்றினாள்.
"எங்கே வைப்பீர்கள்?"
"ஜன்னல் ஓரம், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி."
"ஒன்று இருபது," என்று திருத்தினாள்.

சோதிக்க நான் கொண்டுபோனது பாட்டு இல்லை.
சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே
இடமிருந்து வலமாக நான் நடந்த சத்தம்,
நானே பதிவு செய்தது.

இடதுபக்கம் சாவிகள்
கம்பளி உறைக்குள் போட்ட கூழாங்கல்.
அறையின் பாதி தாண்டியதும்
இரும்பாயின.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"பளிங்கு மாதிரி, இல்லையா?"

பாதி விலை என்று நுனிநாக்கு வரை வந்தது.
இடதுபக்கம் ஊமை என்று அவளிடம் சொல்ல வேண்டும்,
உனக்கு அது தெரியக்கூட இல்லை என்றும்.
காபியைக் குடித்தேன்.
பதினெட்டாயிரத்தையும் எண்ணி வைத்தேன்.

எண்பது கிலோமீட்டர், ஆல்போர் வரை,
பெட்டிகளோடு என் பெருந்தன்மையையும் ஏற்றிக்கொண்டு வந்தேன்.
அதுதான் கொஞ்சம் கூடுதல் கனம்.

இடது பெட்டியில் எட்டுத் திருகாணி.
கம்பளிப் பஞ்சை விலக்கினால்
மரத்தில் ஒட்டிய சீட்டு, பென்சில் எழுத்து:
'ரிப்பன் போய்விட்டது. மாற்று கிடையாது.
உரிமையாளரிடம் நேரில் சொல்லியாயிற்று.
மார்ச் 9. ராஸ்க்.'

நேரில்.

நான் சிரித்த சிரிப்பில்
அடுப்படியிலிருந்து தைரா எட்டிப் பார்த்தாள்.
வயலையும் வரப்பையும் அளந்தவள்
என்னையும் அளந்திருக்கிறாள்,
கண்ணை மூடிக்கொண்டே.

வலது பெட்டியின் ரிப்பனை
மூச்சடக்கித் தூக்கி என்னுடையதில் வைத்தேன்.
உட்கார்ந்தது.
சாவிக்கொத்து கூடத்தை முழுசாகக் கடந்து போனது.
அப்புறம் தைரா தூங்கப் போனபின்
டேப்பை எடுத்து
ஒன்று இருபதுக்கு நகர்த்திப் பார்த்தேன்.
அவள் சொன்னது சரி.
அதுதான் கூடுதல் எரிச்சல்.

இப்போது வாசல் நடையில்
தேக்கு உறை போட்ட இரண்டு ஊமைகள்.
தைரா அதன்மேல் கையுறை காய வைக்கிறாள்.
விளம்பரம் கொடுத்தேன்: ஒரு ஜோடி, அழகான நிலை.
இரண்டும் பொய் இல்லை.

ஞாயிறு காலை எஸ்பியரிலிருந்து அழைப்பு,
இளம் குரல், அவசரக் குரல்.
"ரெண்டும் நன்றாகப் பேசுமா?"

ராஸ்கின் சீட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது,
எட்டுத் திருகாணிக்குப் பின்னால்.

"எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டேன்.