பலகை அழித்தது: ஒன்பது

யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எண்ணினேன்.
வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில்
முப்பத்தெட்டுப் பெயர்.
கணக்குப் பாடத்தில் யாரைக் கேள்வி கேட்டாலும்
அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு,
ஐந்தாவது கோடு குறுக்கே.

திங்கள் முதல் வெள்ளி வரை
நூற்றுப் பன்னிரண்டு கேள்வி.
அதில் எழுபத்தொன்று
ஜன்னலோர மேசையின் ஆறு பேருக்கே போயிருக்கிறது.
கிஷோருக்கு மட்டும் பத்தொன்பது.
அவன் கை தூக்குமுன்னே என் வாய் அவன் பெயரைச் சொல்கிறது,
டவுன் பஸ் தன் ஸ்டாப்பில் தானே நிற்பதுபோல.
பதினொரு பெயருக்கு நேரே வெறும் தாள்.

அங்காள ஈஸ்வரிக்கும் கோடு இல்லை.
யோசித்து யோசித்து ஓரத்தில் எழுதினேன்:
சாக்பீஸ் வாங்கி வந்தது, நான்கு.
பலகை அழித்தது, ஒன்பது.
கை எட்டாது என்று சொல்ல முடியாது.
மேல் மூலை வரை எட்டும்.

எங்கள் வகுப்பில் மூன்று மேசை:
அரும்பு, மொட்டு, மலர்.
ஜூனில் அரும்பில் உட்கார்ந்தவள்
பிப்ரவரியிலும் அரும்பு.

சனிக்கிழமை சாயங்காலம்
அவனியாபுரம் பைபாஸ், பழைய இரும்புக் கடை.
ஏழு கிலோ பேப்பரைப் போட்டுவிட்டு
காசைப் பர்ஸில் வைக்கிறேன்.
பின்னால் அவள், அவள் அம்மா, ஒரு சாக்கு.
பாட்டில் பதினொன்றரைக் கிலோ,
ஈரத்துக்கு ஒன்றரை கழித்தார் அண்ணாச்சி,
கிலோ பதினாறு,
நூற்றைம்பதை நீட்டினார்.
"இன்னும் பத்து" என்றாள். குரல்கூட உயரவில்லை.
வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.
"டீச்சர், பேப்பர் கிலோ பதினாலு.
உங்களுக்கு எம்பத்தி நாலுதான் குடுத்துருக்காரு.
ஒரு கிலோ போச்சு."

நான் எம்.எஸ்ஸி. கணிதம்.
எண்ணாமல் வாங்கியிருந்தேன்.

ஞாயிறு முழுக்கச் சந்தோஷம் எனக்கு.
திங்கள் காலை பலகை நிறைய
பாட்டில், சாக்கு, ஈரம், கழிவு.
குழந்தையின் வாழ்க்கையிலிருந்து கணக்கை எடுங்கள் என்று
பயிற்சி முகாமில் சொன்னார்களே.
"அங்காள ஈஸ்வரி, நீ வந்து போடு."
வந்தாள். போட்டாள். சரியான விடை.
பின்னால் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சத்துணவுத் தட்டோடு வந்து நின்றாள்.
"அந்தக் கணக்கு வேணாம் டீச்சர்."
உனக்குத் தெரிஞ்சதுதானே?
"தெரிஞ்சதுதான். அதுக்கு எதுக்கு இங்க வரணும்?"
முட்டையை இரண்டாகப் பிட்டாள்.
"மலருக்கு மட்டும் மஞ்ச அட்டை குடுப்பீங்கல்ல,
அது வேணும்."

மேசை டிராயரில் இருக்கிறது அந்த அட்டைக் கட்டு,
ஆறு பேர் கைபட்டே முனை மழுங்கி.
வில்லாபுரம் ஜெராக்ஸ் கடையில்
முப்பத்தெட்டு எடுத்தேன்.

ஒரு படி கட்ட ஒரு கல்.
இரண்டு படிக்கு மூன்று. மூன்று படிக்கு ஆறு.
பத்துப் படிக்கு?

இரண்டு நாள் தரையெல்லாம் கட்டம்.
பக்கத்தில் மைதீன், அவனும் கோடில்லாத பதினொன்றில் ஒருவன்.
அரும்பு மேசைக்குக் கேள்வி போகும்போது
பாதி விடையையும் சேர்த்தே அனுப்புவது என் வழக்கம்.
நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.
அது இரக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பலகைக்குப் போனாள்.
கொஞ்சம் சாய்ந்த பத்துப் படி,
அடியில் 54.
கிஷோர் எழுந்தேவிட்டான்.
"இரு" என்றாள், திரும்பாமலே.
"எங்கயோ ஒரு கல்லு விழுந்துருச்சு."

மணி அடித்தது.
பழக்கத்தில் டஸ்டர் அவள் கைக்கு வந்திருந்தது.
என்னைப் பார்த்தாள்.
வேணாம், இருக்கட்டும் என்றேன்.

அடுத்த பாடம் எஸ்தர் டீச்சருக்கு.
படிக்கட்டை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
மிச்சமிருந்த கையகல இடத்தில்
நெருக்கி நெருக்கி எழுதினார்
ஒருமை, பன்மை.