நாழிக்குள் விரல்

உப்புதான் முதலில் தீர்ந்தது.
தொப்பூர்க் கணவாய் ஏறி வரும் உமணர் வண்டிகள்
கார் பிறக்குமுன்பே நின்றுவிட்டன.
முற்றுகை என்று அப்போது யாரும் சொல்லவில்லை.
சேறு என்றார்கள். எருது நொண்டி என்றார்கள்.

பிறகு ஒரு விடியலில்
கிழக்குப் புளியந்தோப்பில் அடுப்புப் புகை.
எண்ணினேன். எண்ணுவது என் தொழில்.
நூற்றுப் பதினாறோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் தகடூர்க் களஞ்சியத்தில் நாழி பிடிப்பவன்.
வேல் தூக்கியதில்லை.
மூங்கில் நாழி, வாயில் பித்தளைப் பூண்,
என் ஆயுதம் அவ்வளவுதான்.
ஆளுக்கு ஒரு நாழி சாமை,
மதிலில் நிற்பவனுக்கு ஒன்றரை.

எத்தனை நாள் தாங்கும் என்றார்கள்.
அறுபது, என்றேன்.
தொண்ணூறு வேண்டும், என்றார்கள்.
தானியம் சொன்னபடி கேட்காது, என்றேன்.
நீ கேட்பாய், என்றார்கள்.

அன்றிலிருந்துதான்
கட்டைவிரலை நாழிக்குள்ளே விட்டுப் பிடித்தேன்.
ஒரு விரல் கனம் குறையும்.
மேலே குவியல் அதே கூராக நிற்கும்.
பசித்தவன் குவியலைத்தான் பார்ப்பான்.

கொல்லன் மனைவி எயினி மட்டும்
நாழியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.
பெற்றுப் பதினேழு நாள்.
இடுப்பில் பிள்ளை, ஒற்றைக் கையால் முந்தானை ஏந்துவாள்,
பாதி மண்ணில் சிந்தும், குந்திப் பொறுக்குவாள்.
"அண்ணா, விரல் வீங்கியிருக்கிறதோ?"
இல்லை, என்றேன்.
அவளுக்கும் அதே விரலோடுதான் அளந்தேன்.

எண்பத்து மூன்றாம் நாள் ஊர் விழுந்தது.
நான் பார்க்கவில்லை, கேட்டேன்.
நாய் குரைக்கவில்லை; ஊரில் அப்போது நாயே இல்லை.
பானைகள் உடைந்தன, வரிசையாக, தெரு தெருவாக.
முரசைக் கிழித்தது
யாரோ பெரிய மனிதர் ஒருமுறை இருமியது போலிருந்தது.
அப்புறம் கொஞ்ச நேரம் மழை மட்டும்.

மேற்கு வாயில் காவலன் வெளியன் தூங்கிவிட்டானாம்.
துரோகி என்கிறார்கள்.
கைநிறையப் பொன் வாங்கினான் என்கிறார்கள்.
அவனுக்குத் தினம் ஒன்றரை நாழி.
ஒன்றரைக்கு இரண்டு முறை முகக்க வேண்டும்.
இரண்டு முறையும் என் விரல் உள்ளே இருந்தது.
இதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

களஞ்சியத்தை எரிக்க வந்தவன்
கதவைத் தள்ளினான், சாமையின் மணம் முகத்தில் அடித்தது,
தீவட்டியைக் காலால் மிதித்து அணைத்தான்.
அவர்களும் பட்டினி!
புகையைத்தான் எண்ணினேன்,
பானைக்குள் என்ன வெந்தது என்று யோசிக்கவேயில்லை.

அவர்கள் கணக்கன் வந்தான், பல் விழுந்த ஆள்.
என் கயிற்று முடிச்சுகளைத் தடவிப் பார்த்தான்.
"இது தீர்ந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருக்க வேண்டுமே,
பதினோரு கலம் எப்படி மிச்சம்?"
நான் பேசவில்லை.
என் கையை எடுத்துத் திருப்பினான்.
பூண் அறுத்து விரலில் காய்ப்பு ஏறியிருந்தது.
அவன் தன் கட்டைவிரலைக் காட்டினான்.
அங்கேயும் இருந்தது.

மறுநாள் அவர்கள் படைக்கு அளந்தேன்.
முதலில் நின்றவன் பொடியன், மேற்குப் பேச்சு,
குதிகாலில் முள் சீழ் வைத்து நொண்டினான்.
விரல் தானாகவே உள்ளே போயிற்று.

பொழுது சாய ஊராரையும் விட்டார்கள்.
மிஞ்சியவர்கள் வரிசை
நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது.
கடைசியில் எயினி.

விரலை வெளியே எடுத்தேன்.
தலைதட்டாமல், வழிய வழிய
ஒரு முழு நாழி.

ஒரு மணிகூடச் சிந்தவில்லை.
முந்தானையை விரித்துப் பிடிக்க
அவளுக்கு இரண்டு கையும் இருந்தது.