ஐந்தாவது அலை

ஏசியை நிறுத்தினேன், ட்யூப் லைட்டையும்.
மின்சாரம் எங்கே முனகினாலும்
இந்த மெஷினுக்குக் கேட்டுவிடும்.
வேலும்மயிலும், திருக்கடலூர், ஐம்பத்தொரு வயது.
இடது காதில் ஆறு மாதமாய் விசில்.
வலது கையில் இரண்டு விரல் இல்லை;
வின்ச்சில் மாட்டியது என்று
பழைய அட்டையில் எழுதியிருக்கிறது.

நெற்றியிலும் காதின் பின்னெலும்பிலும்
தேய்க்கத் தேய்க்கப் பஞ்சு கறுத்தது.
குளித்தும் போகாத உப்பில்
மின்முனை ஒட்ட மறுத்தது.

"மிஸ், இது மனசில கிடக்கிறதைக் காட்டுமோ?"
இல்லை ஐயா.
"மறைச்சு வைச்சதை?"
கண்ணை மூடுங்கோ. நித்திரை வந்தால் நல்லது.

ராவெல்லாம் கடலில் கிடக்கிற ஆள்,
நூறு எண்ணுமுன் குறட்டை.

டிக் டிக் டிக்
ஒரு செக்கனுக்குப் பதினொன்று.
ஒரு சொடுக்குக்கு மூளைத்தண்டு சொல்லும் பதில்
அவ்வளவு சின்னது.
தாடை அசைந்தால், கனவில் ஒரு மீன் துள்ளினால்
அதற்குள் தாழ்ந்துபோகும்.
விடாமல் இரண்டாயிரம் தரம் கேட்க வேண்டும்.
இரைச்சல்கள் ஒன்றையொன்று தின்று தீர்ந்தபின்
பதில் தனியே மேலே வரும்.

வலது காது:
ஐந்து அலையும் வந்தன, ஒழுங்காய், நேரத்துக்கு.

இடது காது:
முதலாவது நேரத்துக்கு வந்தது.
மூன்றாவதைத் தேட வேண்டியிருந்தது.
ஐந்தாவது பிந்தி வந்தது,
ஒரு மில்லி செக்கன்கூட இல்லை,
கண் இமைக்கும் நேரத்தில் நூறிலொரு பங்கு.

திரும்பவும் ஓட்டினேன். அதே பிந்தல்.

கன்னத்தில் தட்டி எழுப்பினேன்.
எழும்பினவர் முதலில் பார்த்தது திரையை,
பிறகு தன் கையை.
"வெடிதானே மிஸ்?
பதினேழு வரியம் போட்டனான். பாரைக் கூட்டம்
வயிறு வெடிச்சு மிதக்கும்.
கடல் திருப்பித் தந்திட்டுதெண்டு
வீட்டில சொல்லயில்லை."

நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவர் டாக்டர்.
ஆனாலும் வாய் முந்திவிட்டது:
வெடியெண்டால் முதலாவது அலையே பிசகியிருக்கும், ஐயா.
இது வெடியில்லை.

சிரித்தார். பசை ஒட்டிய நெற்றியோடு
இரண்டு கையாலும் கும்பிட்டார்,
மூன்று விரல் ஒரு பக்கம், ஐந்து ஒரு பக்கம்.
பிறகு என்ன என்று கேட்கவில்லை.

நரம்பின் வழியில் ஏதோ குந்தியிருக்கிறது.
எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது.
கொழும்பில் எம்ஆர்ஐ, என்று துண்டில் எழுதி
டாக்டரின் மேசையில் வைத்தேன்.

ஜன்னலால் பார்த்தேன்:
கேற்றடியில் ஒரு மான்
யாரோ எறிந்த நம்பர் துண்டை மென்றுகொண்டிருந்தது.
அவர் அதன் முதுகில் தட்டினார்.
போனை எடுத்தார். பழக்கத்தில்
இடது காதில் வைத்து,
பிறகு மாற்றினார்.